எண்ணெய் விலை இறங்கிய பிறகு விமானம் ஏறிய தங்கம்

செம்பூரில் குடியிருப்பவர்களுக்குப் பெட்ரோலைப் பற்றிப் பேச மற்ற மும்பைக்காரர்களைவிட உரிமை கொஞ்சம் கூடுதல் என்று நினைக்கிறேன். மாஹுலில் இருக்கும் இரண்டு சுத்திகரிப்பு ஆலைகளும் எங்களுக்குப் பக்கம்தான். காற்று இந்தப் பக்கம் திரும்பினால் வாசனை சமையலறை வரை வரும். விலை ஏறும்போதெல்லாம் இங்குள்ள நம்மவர்கள் கூடும் இடத்தில் ஒரே வசனம்தான்: "எங்கேயோ எவனோ சண்டை போடறான், இங்கே லிட்டருக்கு ஏத்திடறான்."

அது பாதிதான் உண்மை. மீதிப் பாதியைப் புரிந்துகொள்ள 1990-91ஐ விட நல்ல உதாரணம் நம் நாட்டு வரலாற்றில் கிடையாது. (நான் பொருளாதார நிபுணன் அல்ல. பி.காம். முடித்துவிட்டு வங்கியில் சேர்ந்தவன். ஆகவே இதை ஒரு கணக்குப்பிள்ளையின் பார்வை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.)

1990 ஆகஸ்ட் 2 அன்று இராக் படை குவைத்துக்குள் நுழைந்தது. நான்கே நாளில் ஐ.நா. தடை வந்தது. அந்த இரு நாடுகளிலிருந்தும் உலகச் சந்தைக்கு வந்துகொண்டிருந்த எண்ணெய், நாளொன்றுக்கு 40 லட்சம் பீப்பாய்க்கு மேல், நின்றுபோனது. ஜூலையில் 20 டாலருக்குக் கீழே இருந்த பீப்பாய், அக்டோபரில் 40 டாலரைத் தொட்டது. நமக்கு அடி இன்னும் பலம். இராக்கும் குவைத்தும்தான் நமக்கு முக்கியமான சப்ளையர்கள். சவூதி போன்ற நாடுகள் உற்பத்தியைக் கூட்டியதால் எண்ணெய் கிடைக்காமல் போகவில்லை. கேட்ட விலையைக் கொடுத்து வாங்க வேண்டியதாயிற்று.

சரி, சொந்த எண்ணெய் இல்லையா? இருந்தது. 1974ல் 'சாகர் சாம்ராட்' கப்பல் துளையிட்டுக் கண்டுபிடித்த பாம்பே ஹை, 1976ல் உற்பத்தியைத் தொடங்கியது. எண்பதுகளின் நடுவில் நாட்டின் தேவையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு உள்நாட்டிலேயே கிடைத்தது. அந்த நிம்மதியில் கிணறுகளை அவசரமாக இறைத்துவிட்டோம். நம் ஊர்க் கிணறு இராத்திரியில் ஊறும், எண்ணெய்க் கிணறு ஊறாது. பாறைக்குள் இருக்கும் அழுத்தம்தான் எண்ணெயை மேலே தள்ளுகிறது. அவசரப்பட்டால் அழுத்தம் விழுந்து, வாயு பிரிந்து வெளியேறி, எண்ணெய் பாறையிலேயே தங்கிவிடும். வயலைக் காப்பாற்றப் பல கிணறுகளை மூடிவைக்க வேண்டி வந்தது. 1989-90ல் சுமார் 3 கோடியே 40 லட்சம் டன்னாக இருந்த உள்நாட்டு உற்பத்தி, 1992-93ல் 2 கோடியே 70 லட்சம் டன் அளவுக்கு இறங்கியது. வெளியே விலை ஏறிய அதே சமயத்தில் வெளியிலிருந்து வாங்க வேண்டிய அளவும் ஏறியது.

இது கரைந்துபோன முதல் கையிருப்பு. இரண்டாவது, டாலர்.

1989-90ல் எண்ணெய் இறக்குமதிச் செலவு சுமார் 377 கோடி டாலர். அடுத்த ஆண்டில் 603 கோடி. வரவுப் பக்கமோ அடைபட்டது. குவைத்தில் வேலை பார்த்த நம்மவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரை ஏர் இந்தியா அம்மான் வழியாகத் திரும்பக் கொண்டுவந்தது. எங்கள் தெருவில் ஒருவர் அப்படி வந்தார். அம்மான் வரை பாலைவனத்தில் பஸ், கையில் ஒரே ஒரு பை. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அவர் வீட்டுக்கு மாதாமாதம் வந்த டிராப்ட் நின்றது என்பது மட்டும்தான் தெருவுக்குத் தெரிந்தது. அந்த மாதிரி டிராப்ட்டுகள்தான் நாட்டுக்கு டாலர் என்பது வங்கிக்கு வந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. 1991 ஜனவரி நடுவில் ரிசர்வ் வங்கியின் அந்நியச் செலாவணி 100 கோடி டாலருக்கும் கீழே போய்விட்டது. அந்த மாதமே ஐ.எம்.எப்.பிடம் சுமார் 180 கோடி டாலர் கடன் வாங்கினார்கள்.

பங்கில் என்ன நடந்தது? அப்போது விலையை நிர்ணயித்தது சந்தை அல்ல, டெல்லி. 1990 அக்டோபரில் பெரும்பாலான பெட்ரோலியப் பொருள்களுக்கு 25 சதவீத 'வளைகுடா சர்சார்ஜ்' போட்டார்கள். உலக விலை இரு மடங்கானதற்கு இது ரொம்பக் குறைவு. மிச்சம் எங்கே போயிற்று என்பதுதான் என் கேள்வி.

ஒரு பகுதி, எங்கள் தொழிலின் வழியாகவே போனது. அதே அக்டோபரில், இயந்திரத் தளவாடங்கள் போன்ற மூலதனப் பொருள்கள் தவிர்த்த இறக்குமதிக்கு 50 சதவீத ரொக்க மார்ஜின் கட்ட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. 1991 மார்ச்சில் அது 133 சதவீதத்துக்கு மேல், ஏப்ரலில் 200 சதவீதம். அதாவது 10 லட்சத்துக்கு எல்.சி. திறக்க, 20 லட்சத்தை ரொக்கமாக வங்கியில் முடக்க வேண்டும்! பெரிய கம்பெனி எப்படியோ சமாளிக்கும். மூலப்பொருளை வெளிநாட்டிலிருந்து தருவிக்கும் சின்னப் பட்டறை எங்கே போகும்? டீசலுக்கு ஏறாத விலையை அந்தப் பட்டறைக்காரர் கட்டினார். அவருக்கு அது எண்ணெய் விலை என்றே தெரிந்திருக்காது.

இப்போது முக்கியமான இடம். 1991 ஜனவரி 17 அன்று அமெரிக்கக் கூட்டணி விமானத் தாக்குதலைத் தொடங்கியதும், எண்ணெய் விலை ஒரே நாளில் மூன்றில் ஒரு பங்கு சரிந்தது. பிப்ரவரியில் பழையபடி 20 டாலர் பக்கம் வந்துவிட்டது. தட்டுப்பாடு முடிந்தது. ஆனால் நம் தங்கம் வெளியே போனது அதற்குப் பிறகுதான். மே மாதம், அரசு பறிமுதல் செய்து வைத்திருந்த 20 டன்னை ஸ்டேட் வங்கி மூலம், திரும்ப வாங்கிக்கொள்ளும் நிபந்தனையோடு சுவிட்சர்லாந்தில் விற்றார்கள். ஜூலையில் ரிசர்வ் வங்கி சுமார் 47 டன்னை இங்கிலாந்து, ஜப்பான் மத்திய வங்கிகளிடம் அடகு வைத்து ஏறக்குறைய 40 கோடி டாலர் பெற்றது. அப்போது கவர்னர் நாகர்கோவிலில் பிறந்த எஸ்.வெங்கிடரமணன், துணை கவர்னர்களில் ஒருவர் சி.ரங்கராஜன். (தங்கமணியிடம் இதைச் சொன்னபோது, "மூழ்கிப்போகாம மீட்டாங்களா?" என்றுதான் முதலில் கேட்டாள். ரிசர்வ் வங்கி அந்த ஆண்டுக்குள்ளேயே மீட்டுவிட்டது.)

விலை இறங்கியும் ஏன் அடகு? கையிருப்பு கரைவதைப் பார்த்த வெளிநாட்டு வங்கிகள் குறுகிய காலக் கடனைப் புதுப்பிக்க மறுத்தன. வெளிநாடுவாழ் இந்தியர்கள் டெபாசிட்டை எடுக்க ஆரம்பித்தார்கள். டெல்லியில் அரசுகள் கவிழ்ந்துகொண்டிருந்தன. வங்கியின் முன் கூட்டம் கூடிவிட்டால், கூட்டம் கூடிய காரணம் தீர்ந்தாலும் கூட்டம் கலையாது அல்லவா, அந்த மாதிரி. பிறகு ஜூலை 1லும் 3லும் ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். டாலர் 21 ரூபாயிலிருந்து 26 பக்கம் போனது. டாலரில் மலிவான எண்ணெய் ரூபாயில் மலிவாகவில்லை. ஜூலை 24 பட்ஜெட்டில் மன்மோகன் சிங் பெட்ரோலுக்கும் சமையல் காஸுக்கும் 20 சதவீதம் ஏற்றினார். சண்டை முடிந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது.

இவ்வளவு பட்டும், விலையை வேறிடத்தில் ஒளித்துவைக்கும் பழக்கம் போகவில்லை. 2002 ஏப்ரல் வரை 'ஆயில் பூல்' என்றொரு கணக்கு இருந்தது. உலக விலைக்கும் பங்க் விலைக்கும் உள்ள வித்தியாசத்தை அதில் எழுதுவார்கள். பற்று ஏறிக்கொண்டே போகும். அதை மூடிய சில ஆண்டுகளில் எண்ணெய் விலை மறுபடி பறந்தது. இந்தத் தடவை எண்ணெய் நிறுவனங்களுக்குப் பணத்துக்குப் பதிலாகப் பத்திரம் கொடுத்தார்கள். அந்த ஆயில் பாண்டுகள் எஸ்.எல்.ஆர். கணக்கில் சேராது என்பதால் வங்கிகளுக்கு அவற்றில் ஆர்வமில்லை. நிறுவனங்கள் கழிவு கொடுத்துத்தான் விற்க வேண்டியிருந்தது. 2010ல் பெட்ரோல் விலையும் 2014ல் டீசல் விலையும் அரசின் கையைவிட்டுப் போயின, குறைந்தபட்சம் காகிதத்தில். 2008 வாக்கில் நாமெல்லாம் மலிவாகப் போட்டுக்கொண்ட டீசலுக்கும் காஸுக்கும் எழுதிக்கொடுத்த அந்தப் பத்திரங்களில் கடைசியானவற்றின் முதிர்வு 2025-26 நிதியாண்டு.