மாத்திரைக்கு முன் ஒரு கேள்வி

நேயர்கள் தங்கள் வீட்டில் இருக்கும் மருந்து உறைகளை ஒருமுறை எடுத்துப் பார்க்கலாம். பலதுறை மருந்தகத்தில் கொடுத்ததாக இருக்கட்டும், அடுக்குமாடிக் கீழ்த்தள மருந்தகத்தில் கொடுத்ததாக இருக்கட்டும், பல உறைகளில் ஒரே வாசகம் இருக்கும். காலையில் ஒன்று, இரவில் ஒன்று, சாப்பாட்டுக்குப் பிறகு. காலையிலும் இரவிலும் அந்த வீட்டில் சாப்பாடு இருக்கும் என்ற நம்பிக்கையில் எழுதப்படும் வாசகம் அது. சாப்பாடு இல்லாவிட்டால்?

நீரிழிவுக்கு இன்சுலின் போட்டுக்கொள்ளும் ஒருவர் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை அளவு ஆபத்தான நிலைக்கு இறங்கிவிடும். மயக்கம் வரும். அதற்குப் பயந்து மருந்தை விட்டுவிட்டால் சர்க்கரை ஏறும். அடுத்த முறை மருந்தகத்திற்கு வரும்போது பரிசோதனை முடிவு மோசமாக இருக்கும். மருத்துவர் மருந்தின் அளவைக் கூட்டுவார். கூட்டிய மருந்துக்கும் சாப்பாடு வேண்டும்.

தமிழர்கள் ஒருவரை ஒருவர் பார்த்ததும் கேட்கும் முதல் கேள்வி, “சாப்பிட்டாச்சா?” என்பதுதான். தேக்கா சந்தையிலும் கேட்கிறார்கள், மின்தூக்கியிலும் கேட்கிறார்கள். பதிலும் எப்போதும் ஒன்றுதான்: “ஆச்சு.” வயிறு காய்ந்தவரும் அதையேதான் சொல்வார். அந்தக் கேள்வியை மருந்தகத்தில் ஒரு மருத்துவக் கேள்வியாகவே கேட்கவேண்டும், கேட்பவர் கையில் உதவிக்கான வழியும் இருக்கவேண்டும் என்ற கருத்து இப்போது பல நாடுகளில் வலுத்து வருகிறது. இது புதிய யோசனைபோலத் தோன்றலாம். ஆனால் சிங்கப்பூர் இந்தக் கேள்வியை முன்பே பலமுறை கேட்டிருக்கிறது. வசதி வந்த காலத்தில் அதை மறந்தும் இருக்கிறது.

சிராங்கூன் சாலையில் ஒரு மருத்துவமனை

டான் டோக் செங் மருத்துவமனைக்கு 1844ஆம் ஆண்டு பேர்ல்ஸ் ஹில் குன்றில் அடிக்கல் நாட்டப்பட்டது. அன்று அது ஆதரவற்ற ஏழைகளுக்கான மருத்துவமனை. நோயாளிகளில் பெரும்பாலோர் ஊர்விட்டு ஊர் வந்து உழைத்து, உடம்பு முடியாமல் போன கூலித் தொழிலாளர்கள். மருத்துவமனையில் பணத் தட்டுப்பாடு நிலவியது. நோயாளிகள் தெருவில் இறங்கிப் பிச்சை எடுத்துப் பசியாறிய காலமும் உண்டு. அங்கே நோயையும் பசியையும் பிரித்துப் பார்க்க முடியவில்லை. ஆறாத புண்ணோடு வந்தவருக்கு மருந்து எவ்வளவு தேவையோ, சோறும் அவ்வளவு தேவையாக இருந்தது.

1860களின் தொடக்கத்தில் அந்த மருத்துவமனை சிராங்கூன் சாலையும் பாலஸ்டியர் சாலையும் சந்திக்கும் பகுதிக்கு மாறியது. 1909இல் இப்போதைய மோல்மீன் வட்டாரத்திற்குச் சென்றது. சிராங்கூன் சாலையின் இன்னொரு முனையில், புக்கிட் தீமா சாலைக்கு அருகே கண்டாங் கெர்பாவ் மருத்துவமனை இருந்தது. மலாய் மொழியில் எருமைக் கொட்டில் என்று பொருள்படும் பெயர். எருமை மாடுகள் கட்டிய இடத்தில் எழுந்த அந்த மருத்துவமனை 1924இல் இலவச மகப்பேற்று மருத்துவமனை ஆனது. இன்று லிட்டில் இந்தியா என்று அழைக்கப்படும் வட்டாரத்தின் இரு முனைகளிலும் ஏழைகளுக்கான மருத்துவமனைகள் நின்ற காலம் ஒன்று இருந்தது.

வீடு தேடிச் சென்ற தாதி

1920களின் பிற்பாதியில் ஐடா சிமன்ஸ் என்ற பிரிட்டிஷ் தாதி சிங்கப்பூருக்கு வந்தார். கிராமப்புறங்களில் பிறக்கும் 1,000 குழந்தைகளில் ஏறத்தாழ 260 குழந்தைகள் ஒரு வயதை எட்டாமல் இறந்துகொண்டிருந்தன. மருந்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு தாய்மார்கள் வருவார்கள் என்று அவர் காத்திருக்கவில்லை. தாதிகளை வீடு வீடாக அனுப்பினார். அடுப்படிவரை போனால்தான் அந்த வீட்டில் தாய் என்ன சாப்பிடுகிறாள் என்பது தெரியும்.

அது முக்கியமான தகவல். அந்நாளில் குழந்தைகளைக் கொன்ற நோய்களில் ஒன்று பெரிபெரி. தீட்டிய வெள்ளை அரிசியில் வைட்டமின் பி1 சத்து மிகக் குறைவு. அந்தச் சோற்றை மட்டும் தின்று, பிள்ளை பெற்ற பின் பத்தியமும் இருக்கும் தாயின் பாலில் அந்தச் சத்து இருக்காது. கொழுகொழுவென்று இருக்கும் குழந்தை சில மாதங்களில் திடீரென்று இறந்துவிடும். குழந்தையை மட்டும் சோதித்துப் பார்க்கும் மருத்துவருக்குக் காரணம் எளிதில் பிடிபடாது. தாயின் தட்டில் என்ன இருந்தது என்று கேட்டால் பிடிபடும். சிமன்ஸ் 1948இல் ஓய்வு பெற்றபோது குழந்தை இறப்பு 1,000க்கு 60க்கும் கீழே இறங்கியிருந்தது.

அதே காலத்தில், 1936இல், டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் சிங்கப்பூருக்கு வந்து மருத்துவக் கல்லூரியில் கற்பித்தார். ஆப்பிரிக்காவின் கோல்டு கோஸ்ட்டில், இன்றைய கானாவில், புரதக் குறைவால் குழந்தைகளுக்கு வரும் குவாஷியோர்க்கர் நோயை மருத்துவ உலகிற்கு அறிமுகப்படுத்தியவர் அவர். சிங்கப்பூரில் அவர் கண்டது வேறொரு கொடுமை. தாதிபோல உடையணிந்த விற்பனைப் பெண்கள், தாய்ப்பாலைவிட டின்பால் உயர்ந்தது என்று தாய்மார்களிடம் சொல்லிக் கொண்டிருந்தார்கள். சர்க்கரை நிறைந்த கெட்டிப்பாலைத் தண்ணீரில் கரைத்துக் குடித்த குழந்தைகள் வார்டுகளில் வந்து இறந்தன. 1939இல் ரோட்டரி சங்கக் கூட்டத்தில் அவர் ஆற்றிய உரையின் தலைப்பே ‘பாலும் கொலையும்’. ஜப்பானியர் ஆட்சியில் அவரே சாங்கிச் சிறையில் அடைபட்டு, பெரிபெரி நோயின் பாதிப்புக்கும் ஆளானார்.

சோற்றுக்கு வரிசை

போர் முடிந்த பிறகு அரிசி பங்கீட்டில் கிடைத்தது. போதவில்லை. கள்ளச் சந்தை விலை கூலிக்காரர்களுக்கு எட்டவில்லை. 1946 ஜூன் மாதம் புதிதாக அமைந்த சமூக நலத் துறை, அதே மாத இறுதியில் தெலுக் ஆயரில் முதல் மக்கள் உணவகத்தைத் திறந்தது. ஒரு சாப்பாடு 35 காசு. அதையும் கொடுக்க முடியாதவர்களுக்காகப் பின்னர் இன்னும் மலிவான சாப்பாடு வந்தது.

பிள்ளைகளுக்கு அதுவும் போதவில்லை. 1947 ஜனவரியில் இரண்டு முதல் ஆறு வயது வரையிலான பிள்ளைகளுக்கு இலவச உணவு நிலையங்கள் தொடங்கப்பட்டன. பள்ளிக்கூடம் போகும் வயது வராத பிள்ளைகள் அவர்கள். யார் கண்ணிலும் படாமல் வீட்டிலேயே பட்டினி கிடக்கக்கூடியவர்கள். உணவு நிலையங்களில் தொண்டூழியம் புரிந்த பெண்களில் கான்ஸ்டன்ஸ் கோவும் ஒருவர். ஒரு கையில் குழந்தை, பின்னால் இன்னும் பல பிள்ளைகள் என்று வந்து நின்ற தாய்மார்களைப் பார்த்தது அவரை உலுக்கியது. 1949இல் குடும்பக் கட்டுப்பாட்டுச் சங்கம் பிறந்ததற்கு அந்த அனுபவமும் ஒரு காரணம். அந்த உணவு நிலையங்களே நாளடைவில் சிறுவர் சமூக நிலையங்களாகவும் பகல்நேரப் பராமரிப்பு இல்லங்களாகவும் மாறின.

காசநோய் இன்னொரு பாடம் கற்பித்தது. அந்நாளில் காசநோய்க்கு மாதக்கணக்கில் சிகிச்சையும் ஓய்வும் தேவை. குடும்பத் தலைவர் படுத்துவிட்டால் வீட்டில் உலை கொதிக்காது. அதனால் நோயை மறைத்துக்கொண்டு இருமலோடு வேலைக்குப் போனார்கள். 1940களின் இறுதியில், சிகிச்சை பெறுவோரின் குடும்பத்திற்கு உதவித்தொகை வழங்கும் திட்டத்தைச் சமூக நலத் துறை கொண்டு வந்தது. வீட்டுக்குச் சோறு உறுதியானால்தான் நோயாளி மருந்தகத்திற்கு வருவார் என்பதை அரசாங்கமே ஏற்றுக்கொண்டது. மருத்துவமனைகளில் மருத்துவச் சமூக ஊழியர்கள் பணியாற்றத் தொடங்கியதும் அதே காலகட்டத்தில்தான். படுக்கையருகே அமர்ந்து வீட்டு நிலைமையை விசாரிப்பதே அவர்களுடைய வேலை.

வசதி வந்தது, கேள்வி போனது

சுதந்திரத்திற்குப் பிறகு வீடும் வேலையும் பெருகின. பெரிபெரி மறைந்தது. சத்துக்குறைவைப் பற்றிப் பேசியவர்கள் உடல்பருமனைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். 2016இல் சுகாதார அமைச்சு நீரிழிவுக்கு எதிராகப் போர் அறிவித்தது. உணவங்காடி நிலையங்கள் நிறைந்த ஊரில் பசியா என்ற கேள்வி நியாயமாகவே பட்டது.

ஆனால் லிட்டில் இந்தியாவின் கஃப் ரோட்டில் 2008இல் ஒரு வரிசை நின்றது. வேலையிடத்தில் அடிபட்டு இழப்பீட்டுக்காகவும், கொடுபடாத சம்பளத்துக்காகவும் காத்திருந்த வெளிநாட்டு ஊழியர்களின் வரிசை அது. தமிழ்நாட்டிலிருந்தும் பங்ளாதேஷிலிருந்தும் வந்தவர்கள். வழக்கு முடியும்வரை ஊருக்குப் போகவும் முடியாது, வேலை செய்யவும் முடியாது. டிடபிள்யூசி2 அமைப்பு அவர்களுக்கு இலவச உணவு கொடுக்கத் தொடங்கியது. சாப்பிட வந்தவர்களிடம் தொண்டூழியர்கள் பேச்சுக் கொடுத்தார்கள். கை முறிந்த கதை, மருத்துவ விடுப்பு மறுக்கப்பட்ட கதை எல்லாம் அங்கேதான் வெளிவந்தன. சோறு கேட்டு வந்தவரின் காயம் தெரிந்தது.

கேலாங்கில் இது தலைகீழாக நடந்தது. டாக்டர் கோ வெய் லியோங்கும் நண்பரும் 2006இல் தொடங்கிய ஹெல்த்சர்வ் அமைப்பின் மருந்தகத்திற்கு ஊழியர்கள் மருந்து வாங்க வந்தார்கள். அவர்களுக்கு மருந்து மட்டும் போதாது என்பது சீக்கிரமே புரிந்தது. ஆலோசனை, வழக்கு உதவி, உணவு எல்லாம் மருந்தகத்தோடு சேர்ந்துகொண்டன.

இரண்டே கேள்விகள்

இந்த அனுபவம் சிங்கப்பூருக்கு மட்டும் உரியதல்ல. 1960களில் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் டாக்டர் ஜாக் கைகர் ஒரு சுகாதார நிலையத்தை நடத்தினார். பசியால் வாடிய கறுப்பினக் குழந்தைகளுக்கு மருந்துச் சீட்டில் உணவுப் பொருள்களையே எழுதிக் கொடுத்தார். மளிகைக் கடைகள் பொருளைக் கொடுத்துவிட்டு, நிலையத்தின் மருந்துக் கணக்கில் பணத்தைப் பெற்றுக்கொண்டன. மேலதிகாரிகள் ஆட்சேபித்தபோது, சத்துக்குறைவுக்குப் பாடப்புத்தகம் சொல்லும் மருந்து உணவுதானே என்று அவர் திருப்பிக் கேட்டார்.

2010இல் அமெரிக்க ஆய்வாளர்கள் 18 கேள்விகள் கொண்ட நீண்ட படிவத்தை இரண்டாகச் சுருக்கினார்கள். கடந்த 12 மாதங்களில், கையில் காசு வருவதற்குள் வீட்டுச் சாப்பாடு தீர்ந்துவிடுமோ என்று கவலைப்பட்டதுண்டா? வாங்கிய உணவு தீர்ந்து, மேலும் வாங்கப் பணமில்லாமல் போனதுண்டா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் போதும். நீண்ட படிவம் கண்டுபிடிக்கும் குடும்பங்களில் 97 விழுக்காட்டை இந்த இரண்டு கேள்விகளே கண்டுபிடித்துவிடுகின்றன. 2015இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம், எல்லாக் குழந்தைகளின் குடும்பங்களிடமும் இவற்றைக் கேட்கும்படி மருத்துவர்களுக்குப் பரிந்துரைத்தது.

சிங்கப்பூரிலும் ஒரு கருவி உருவானது. தேசிய பல்கலைக்கழக மருத்துவமனையின் உணவியல் நிபுணர்கள் உருவாக்கி 2009இல் வெளியிட்ட மூன்று நிமிடச் சோதனை, எடைக் குறைவு, உட்கொண்ட உணவு, தசைத் தேய்வு ஆகியவற்றைப் பார்க்கிறது. உடம்பு மெலிந்ததை அது நன்றாகவே கண்டுபிடிக்கும். ஆனால் மாதக் கடைசியில் வெறும் ரொட்டியும் உடனடி நூடல்ஸும் தின்று சமாளிப்பவர் மெலியாமலும் இருக்கலாம், பருமனாகக்கூட இருக்கலாம். அவருடைய வீட்டு அலமாரியைத் தராசு காட்டாது.

கேட்டால் மட்டும் போதுமா?

சிங்கப்பூர் உணவு வங்கிக்காகச் சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகத்தின் லியென் நிலையம் 2019இல் ஆய்வு ஒன்றை மேற்கொண்டது. அதற்கு முந்திய ஓராண்டில் ஒருமுறையாவது உணவு நெருக்கடியைச் சந்தித்த குடும்பங்கள் 10.4 விழுக்காடு. கடுமையாகப் பாதிக்கப்பட்டோரிலும் உணவு உதவியை நாடியவர்கள் சிறு பகுதியினரே. வெட்கம், உதவி இருப்பதே தெரியாமை, தன்னைவிட வேறொருவருக்கு அதிகம் தேவைப்படும் என்ற எண்ணம் ஆகியவை அவர்கள் சொன்ன காரணங்கள்.

இந்த ஊரில் உதவிக்குப் பஞ்சமில்லை. 2003இல் தொடங்கிய ஃபுட் ஃப்ரம் த ஹார்ட், வில்லிங் ஹார்ட்ஸ், 2012இல் தொடங்கிய உணவு வங்கி, 2005இல் வந்த காம்கேர் உதவித் திட்டம், சிராங்கூன் சாலைக் கோயில்களின் அன்னதானம், சீக்கியர் கோயில்களின் லங்கர் என்று பட்டியல் நீளும். சில வீடுகளுக்கு இரண்டு மூன்று பைகள் போவதும் சில வீடுகளுக்கு ஒன்றுமே போகாததும்தான் குறை. நீரிழிவுக்காரருக்கு இனிப்பூட்டிய டின் உணவும், சைவம் சாப்பிடுபவருக்கு மீன் டின்னும் போய்ச் சேர்வதுண்டு. இதைச் சீர்செய்யவே 2019இல் சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சின் முயற்சியில் பணிக்குழு ஒன்று அமைந்தது. இன்னாருக்கு இன்ன உணவு ஆகும், இன்னது ஆகாது என்பதை எந்த உணவுப் பையும் அறியாது. மருந்தகம் அறியும்.

2023இல் தொடங்கிய ஹெல்தியர் எஸ்ஜி திட்டம் ஒவ்வொருவருக்கும் ஒரு குடும்ப மருத்துவரைத் தர முயல்கிறது. ஆண்டுதோறும் ஒரே மருத்துவரைப் பார்க்கும் இடத்தில் அந்த இரண்டு கேள்விகளைச் சேர்ப்பது கடினமல்ல. கேட்கும் விதம்தான் முக்கியம். மகன் பக்கத்தில் நிற்கும்போது எந்தத் தாயும் வீட்டில் அரிசி இல்லை என்று சொல்லமாட்டார். தனியாக, தமிழில், எல்லாரிடமும் கேட்கும் கேள்வி என்று சொல்லிக் கேட்கவேண்டும். “பாட்டி, இதை எல்லார்கிட்டயும் கேட்கிறோம்” என்று தாதி ஆரம்பித்தால் பாதி வெட்கம் போய்விடும். ஆம் என்ற பதில் வந்தால், தொலைபேசி எண் எழுதிய தாளைக் கையில் கொடுத்து அனுப்புவது உதவியாகாது. அன்றைக்கே ஒரு சமூக ஊழியரிடம் அழைத்துப் போக ஆள் வேண்டும். இரவுச் சாப்பாட்டுக்கு வழி தெரிந்த பிறகே அவர் வீடு திரும்பவேண்டும். அதற்கு ஏற்பாடு இல்லாத மருந்தகம் அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருப்பதே மேல்.

நேயர்களுக்கும் இதில் பங்கு உண்டு. மருந்தகத்தில் யாராவது அப்படிக் கேட்டால் “ஆச்சு” என்று பழக்கத்தில் சொல்லிவிட வேண்டாம். சர்க்கரை அளவையும் இரத்த அழுத்தத்தையும் மறைக்காமல் சொல்கிறவர்கள் இதையும் சொல்லலாம். பக்கத்து வீட்டு முதியவரின் அலமாரியில் மாத்திரைகள் தீராமல் சேர்ந்துகொண்டே போவதைப் பார்த்தால், மறதி என்று விட்டுவிடாமல், அவர் கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்று கேட்டுப் பார்க்கலாம்.