நாலு பேர் தோளும் நாலு சக்கரமும்

போடிநாயக்கனூரிலிருந்து முந்தல் வழியாக ஏறும் சாலை 17 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிப் போடிமெட்டில் கேரளத்துக்குள் நுழைகிறது. விடிந்தும் விடியாததுமாய்க் கூலியாட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலைப் பக்கத்து ஏலத் தோட்டங்களுக்கு இந்த வழியாகத்தான் போகின்றன. தார்ச்சாலையை விட்டு விலகி ஒற்றையடிப் பாதையில் இறங்கிவிட்டால் கதை வேறு. நடக்க முடியாமல் போனவரை அங்கே நகர்த்துவதற்கு இருக்கும் ஒரே சாதனம் ஒரு மூங்கிலும் ஒரு கம்பளியும்தான்.

தமிழ்ப் பக்கத்தில் இதை டோலி கட்டுவது என்பார்கள். மலையாளப் பக்கத்தில் மஞ்சல். முற்றிய மூங்கிலாகப் பார்த்து வெட்டி, கம்பளியின் இரு முனைகளையும் கயிற்றால் இறுக்கிக் கட்டினால் நடுவில் தூளி மாதிரி தொங்கும். நோயாளியை அதில் கிடத்தி முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர் தோள் கொடுப்பார்கள். கூடவே தோள் மாற்ற இன்னொரு நாலு பேர் வெறுங்கையோடு நடப்பார்கள். ஏற்றத்தில் தலை முன்னால் போக வேண்டும், இறக்கத்தில் கால் முன்னால் போக வேண்டும். எப்படிப் போனாலும் தலை மேட்டில் இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. காய்ச்சல்காரருக்கும் பிரசவ வலி கண்டவருக்கும் இது போதும். முதுகுத்தண்டு முறிந்தவருக்கோ ஆபத்து. அவரைப் பலகை போன்ற சமதளத்தில் அசையாமல் வைக்க வேண்டும். தொங்கும் துணி முதுகை வளைத்துவிடும். மரத்திலிருந்து விழுவது தென்னிந்தியாவில் முதுகுத்தண்டு முறிவின் முக்கியக் காரணங்களில் ஒன்று. நிழல் மரங்களில் ஏறிக் கிளை கழிக்க வேண்டிய ஏலக்காட்டில் இது சின்ன விஷயமல்ல.

இந்த வாகனம் வசதியானவர்களின் வாகனமாகவும் நெடுங்காலம் இருந்தது. 14ஆம் நூற்றாண்டில் மலபாருக்கு வந்த இபுன் பதூதா, இங்கே ஆட்கள் தோளில் சுமக்கும் டோலிதான் பிரதானப் போக்குவரத்து என்று எழுதிவைத்திருக்கிறார். பல நூற்றாண்டு கழித்துக் கொடைக்கானலில் வீடு கட்டிக் குடியேறிய அமெரிக்கப் பாதிரிமார்களும் ஆங்கில அதிகாரிகளும் பெரியகுளத்தை அடுத்த கிருஷ்ணம்மா நாயக்கன் தோப்பிலிருந்து நாற்காலியிலும் டோலியிலும்தான் மலையேறினார்கள். முதல் உலகப் போர்க் காலத்தில் மோட்டார் சாலை வந்ததும் அவர்கள் தோளை விட்டு இறங்கிவிட்டார்கள். அவர்கள் போன அதே பழைய பாதையில் இருக்கும் வெள்ளகவி போன்ற ஊர்களின் நோயாளிகள் மட்டும் இறங்கவில்லை.

மூணாறு மலையில் சரக்குக்குக் கிடைத்த வழி இன்னும் வேடிக்கையானது. 1902இல் மாடுகள் இழுக்கும் ஒற்றைத் தண்டவாள வண்டி குண்டளைப் பள்ளத்தாக்கில் ஓடத் தொடங்கியது. 1908இல் அது சிறு ரயிலாக மாறியது. டாப் ஸ்டேஷன் வரை வந்த தேயிலைப் பெட்டிகள் அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கி, வண்டியேறிப் போடிக்குப் போயின. 1924 வெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போனது. தேயிலை இறங்க வடமும் தண்டவாளமும் போட்ட அந்த மலைகளில் சுகமில்லாத மனிதர் இறங்கத் தோள்தான் இருந்தது.

பழங்கதை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேற்றக்காரர்கள் சிக்கியபோது, ஹெலிகாப்டர்கள் வருவதற்கு முன்பே உள்ளூர்க்காரர்கள் போர்வையில் டோலி கட்டிக் காயம்பட்டவர்களைத் தூக்கி இறக்கினார்கள். 2010இல் கேரளத்தின் முதல் பழங்குடிப் பஞ்சாயத்தாக உருவான இடமலைக்குடியில், முதுவர் குடிகளிலிருந்து நோயாளிகளை மஞ்சலில் சுமந்து வரும் செய்தி மலையாள நாளிதழ்களில் அடிக்கடி வருகிறது.

தோளை விட்டு மனிதரை இறக்கிய சாதனம் சக்கர நாற்காலி. ஆனால் இன்று ஆஸ்பத்திரி வாசலில் காணும் மடக்கு வீல்சேர் பிறந்ததே மோட்டார் காருக்காக. அமெரிக்கச் சுரங்கப் பொறியாளர் ஹெர்பர்ட் எவரெஸ்ட் சுரங்க விபத்தில் முதுகு ஒடிந்தவர். பழைய மர நாற்காலி காரில் ஏறாது என்பது அவருடைய குறை. நண்பர் ஹாரி ஜென்னிங்ஸ் 1933இல் எஃகுக் குழாயை வளைத்து, இருக்கைக்கு அடியில் பெருக்கல் குறி போலக் குறுக்குச் சட்டம் வைத்து, பக்கவாட்டில் மடங்கும் நாற்காலி ஒன்றைச் செய்து கொடுத்தார். உலகம் முழுக்கப் பரவிய வடிவம் அதுதான். சமதளத் தரை, அகலக் கதவு, வாசலில் கார் ஆகிய மூன்றும் இருக்கும் என்ற நம்பிக்கை அதன் அச்சிலேயே இருக்கிறது.

தமிழகத்தில் இந்த நாற்காலிக்கு முகம் கொடுத்தவர் கொச்சிப் பக்கத்திலிருந்து வந்த மலையாளப் பெண்மணி, டாக்டர் மேரி வர்கீஸ். வேலூர் சி.எம்.சி.யில் பணியாற்றியபோது 1954 ஜனவரியில் நடந்த வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். அங்கிருந்த அறுவை சிகிச்சை மருத்துவர் பால் பிராண்டின் தூண்டுதலால், வீல்சேரில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்யத் தொடங்கினார். பெர்த்திலும் நியூயார்க்கிலும் பயிற்சி முடித்துத் திரும்பி மறுவாழ்வு மருத்துவத் துறைக்குத் தலைமையேற்றார். 1966இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறந்தது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, தானே குளிப்பது, படுக்கைப் புண் வராமல் பார்த்துக்கொள்வது என வீட்டுக்குத் திரும்பிய பிறகு வாழ வேண்டிய வாழ்க்கையை அங்கே கற்றுக்கொடுத்தார்கள். 1972இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

அந்தக் காலகட்டத்தில்தான் சாதனங்கள் நம் ஊர் வாழ்க்கைக்கு ஏற்ப மாறத் தொடங்கின. 1968இல் ஜெய்ப்பூரில் ராம்சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டாக்டர் பி.கே.சேத்தியும் செய்த செயற்கைக் கால், வெறுங்காலோடு சேற்றில் நடக்கவும் சம்மணமிடவும் குத்துக்காலிட்டு உட்காரவும் இடம் கொடுத்தது. 1972இல் கான்பூரில் மத்திய அரசின் அலிம்கோ நிறுவனம் அமைந்தது. இளம்பிள்ளை வாதம் ஊரெங்கும் இருந்த காலம் அது. காலிப்பரும் ஊன்றுகட்டையும் கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டியும் சிற்றூர்களுக்கும் வந்து சேர்ந்தன. 1975இல் கடற்படைத் தேர்வில் கீழே விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ்.ராமகிருஷ்ணன், 1981இல் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தமக்குச் சிகிச்சையளித்த ராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரைத்தான் சங்கத்துக்குச் சூட்டினார். மூணாறில் 1991இல் டாடா டீ தொடங்கிய சிருஷ்டி, தோட்டத் தொழிலாளர்களின் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்குப் படிப்பும் கைத்தொழிலும் கொடுத்தது.

இருந்தும் மூன்று சக்கர வண்டி மலையேறவில்லை. ஏற்றத்தில் கை ஓய்ந்துவிடும், இறக்கத்தில் பிரேக் நிற்காது. தோட்டத் தொழிலாளர்களின் லயம் வீட்டு வாசலில் வீல்சேர் படும் பாட்டையும் பார்க்கலாம். விரித்த நாற்காலி 2 அடிக்குச் சற்று மேல் அகலம். குளியலறைக் கதவு அந்த அளவுக்கு இருந்தால் அதிர்ஷ்டம். ஓர் அடி உயரப் படிக்கு 12 அடி நீளச் சாய்தளம் வேண்டும் என்பது பொதுவான விதி. வாசல் 2 அடி உயரமென்றால் 24 அடி நீளத்துக்குச் சரிவு போட வேண்டும். மலைச்சரிவில் வரிசையாகக் கட்டிய லயத்தின் முன்னால் அத்தனை இடத்துக்கு எங்கே போவது?

திருப்பம் வேறு திசையிலிருந்து வந்தது. 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம்.ஆர்.ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் ஆகியோர் முயற்சியில் வலி நிவாரண மையம் ஒன்று தொடங்கியது. நோயாளியை இறக்கிக் கொண்டுவருவதற்குப் பதிலாகச் செவிலியரும் தன்னார்வலர்களும் அவர் வீட்டுக்குப் போகும் முறை அதிலிருந்து வளர்ந்தது. 2008இல் கேரள அரசு இதற்கென்றே கொள்கை வகுத்தது. வீட்டுப் பராமரிப்பு பஞ்சாயத்துகளின் பொறுப்பானது. வாக்கர், கமோடு நாற்காலி, வாட்டர் பெட், ஏர் பெட் எல்லாம் இரவலாகக் கிடைக்கத் தொடங்கின. ஒருவருக்குத் தேவை தீர்ந்ததும் அடுத்த வீட்டுக்குப் போகும்.

இவற்றில் ஏர் பெட் தனியாகச் சொல்ல வேண்டியது. குழாய் குழாயாக அறைகள் கொண்ட மெத்தை அது. சின்ன மோட்டார் ஒன்று சில நிமிடங்களுக்கு ஒரு முறை ஒரு வரிசையில் காற்றை நிரப்பி அடுத்த வரிசையில் இறக்கும். உடம்பின் எந்த இடமும் தொடர்ந்து அழுந்தாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் போட வேண்டிய நோயாளியை அப்படியே விட்டுவிடலாம் என்பதல்ல; பகலெல்லாம் தோட்டத்துக்குப் போய்வரும் வீட்டாருக்குக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். மின்சாரம் போனால் மோட்டாரும் நின்றுவிடும் என்பதால், மழைக்காலத்தில் வாட்டர் பெட்டுக்குத்தான் மவுசு இருக்க வேண்டும்.

தமிழக அரசு 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு இயன்முறை சிகிச்சையும் வலி நிவாரணப் பராமரிப்பும் வீடு தேடி வருகின்றன. அதே ஆண்டு சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான நியோபோல்ட், வீல்சேரின் முன்னால் மாட்டிக்கொள்ளும் மின்வண்டி; ஒரு முறை சார்ஜ் செய்தால் 25 கி.மீ. ஓடும் என்கிறார்கள். கரடுமுரடான சாலைக்கும் ஏற்ற வடிவம் என்பதால் மலையூர்களுக்குப் பொருத்தமாகத் தெரிகிறது. ஆனால் அதற்கும் வண்டித்தடம் வேண்டும்.

போடிமெட்டின் இரு புறமும் ஆளுக்கொரு ஏற்பாடு வந்துவிட்ட நிலையில், இடையில் நிற்பவர்கள் போடி, தேவாரம், கோம்பைப் பக்கத்தில் வீடும் உடும்பன்சோலையில் வேலையும் உள்ள கூலியாட்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இந்தியா முழுக்கச் செல்லும். செவிலியரின் வீட்டு வருகையோ அந்தந்தப் பஞ்சாயத்து எல்லைக்குள்தான். தோட்டத்து லயத்தில் தங்கியிருக்கும்போது முதுகொடிந்து, அங்கேயே இரவல் ஏர் பெட்டில் கிடந்தவர் சொந்த ஊருக்குத் திரும்பினால் படுக்கையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தேனி மாவட்டத்தில் புதிதாகப் பெயர் பதிய வேண்டும். தோட்டத்துக்கும் ஊருக்கும் இடையே அவரைப் பற்றிய மருத்துவக் குறிப்புகளைச் சுமப்பவர், பெரும்பாலும் அவருடைய மனைவியோ மகளோதான்.