ஒளி வரைந்த செம்புக் கோடுகள்



வானொலி, கைப்பேசி, சலவை இயந்திரம் என எதைத் திறந்தாலும் உள்ளே ஒரு சிறு தகடு இருக்கும். அதன்மேல் செம்புக் கோடுகள் ஓடும். அதுதான் மின்சுற்றுத் தகடு. அந்தக் கோடுகளை வரைந்தது யார்? ஒளி என்று சொன்னால் வியப்பாக இருக்கும். ஆனால் அதுதான் உண்மை.

1801ஆம் ஆண்டு ஜெர்மானிய அறிஞர் ரிட்டர், ஊதா நிறத்திற்கு அப்பால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வெள்ளி உப்பு மிக விரைவாகக் கறுப்பதைக் கண்டார். அதுவே புற ஊதா ஒளி. பின்னர் ஒளி பட்டால் கெட்டிப்படும் பூச்சுகளைக் கொண்டு அச்சுத் தகடுகள் செய்தார்கள். பழைய அச்சகங்களில் நாளிதழ்ப் படங்களுக்கு ‘பிளாக்’ எடுத்ததும் இந்த முறையில்தான். துத்தநாகத் தகட்டில் படத்தை ஒளியால் பதித்து, மிச்சத்தை அமிலத்தில் அரிக்க விடுவார்கள்.

இந்த அச்சுக்கலையை மின்னியலுக்குக் கொண்டு வந்தவர் வியன்னாவில் 1907இல் பிறந்த பால் ஐஸ்லர். யூதரான அவர் 1936இல் லண்டனுக்குச் சென்றார். கம்பிகளுக்குப் பதிலாக அச்சிட்ட செம்புக் கோடுகளைக் கொண்டு ஒரு வானொலிப் பெட்டியே செய்து காட்டினார். அதை ஒரு நிறுவனம் ஏற்கவில்லை. கம்பிகளை இணைக்கும் வேலையைப் பெண்கள் குறைந்த கூலிக்குச் செய்கிறார்களே என்பதுதான் அவருக்குக் கிடைத்த பதில். 1943இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். போருக்குப் பின்னர் உலகமே அவர் வழிக்கு வந்தது.

அன்பர்களே, அந்தப் பதிலை மறந்துவிடாதீர்கள். ஏனென்றால் அதே ‘குறைந்த கூலிக் கைகளை’த் தேடித்தான் 1970களில் மின்னியல் தொழிற்சாலைகள் நம் நாட்டிற்கு வந்தன. 1972இல் பினாங்கு பாயான் லெப்பாசிலும், அதையொட்டிய ஆண்டுகளில் கிள்ளான் பள்ளத்தாக்கின் சுங்கைவேயிலும் தடையற்ற வணிக மண்டலங்கள் எழுந்தன. கம்பத்திலிருந்தும் தோட்டங்களிலிருந்தும் இளம்பெண்கள் வேலைக்கு வந்தார்கள். அவர்களை ‘மீனா காரான்’ என்று ஏளனம் செய்தவர்களும் உண்டு. ஆனால் அவர்களின் சம்பளத்தில்தான் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிந்தது, தம்பி தங்கையர் படித்தார்கள். தகடு அவர்கள் கைவழியே போனது. அதை வடிவமைக்கும் அறிவு பெரும்பாலும் வெளிநாட்டிலேயே தங்கிவிட்டது.

அந்த அறிவு எட்டாக் கனியா? இல்லை. ஒளியுணர் பூச்சுள்ள செம்புத் தகட்டின்மேல், சுற்றுப்படம் கறுப்பாக அச்சிட்ட ஒளிபுகும் தாளை வைத்து, கண்ணாடியால் அழுத்தி, புற ஊதா விளக்கின் கீழ் சில நிமிடம் வைக்கிறோம். ஒளி பட்ட பூச்சு காரக் கரைசலில் கரைந்துவிடும். கறுப்புக் கோட்டின் நிழலில் இருந்தது நிற்கும். பின்னர் பெரிக் குளோரைடு கரைசலில் இட்டால், மூடப்படாத செம்பு அரிக்கப்பட்டுச் சுற்று மட்டும் மிஞ்சும்.

விளக்கு இல்லாவிட்டால் சூரியன் இருக்கிறது. நாமோ நிலநடுக்கோட்டிற்கு அருகில் வாழ்கிறோம். ஆனால் பிரிக்பீல்ட்ஸில் வெயில் அடிக்கும்போதே கிள்ளானில் மழை கொட்டும். மேகம் மறைத்தால் கணக்குத் தவறிவிடும். அதனால் ஒரு துண்டுத் தகட்டை அட்டையால் மூடி, அரை நிமிடத்திற்கு ஒருமுறை சிறிது சிறிதாகத் திறந்து, எந்த நேரம் சரி என்று முதலில் சோதிக்க வேண்டும். கிருமி கொல்லும் புற ஊதா விளக்கை மட்டும் இதற்குத் தொடவே கூடாது. கண்ணையும் தோலையும் கெடுத்துவிடும். கையுறை அணிய வேண்டும். செம்பு கலந்த கழிவு நீரைக் கால்வாயில் ஊற்றக்கூடாது. மீன்களுக்கு அது நஞ்சு.

பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயரே செங்கல் சூளைகளால் வந்தது. 1881இல் கோலாலம்பூர் தீக்கிரையான பிறகு, நகரைச் செங்கல்லால் மீண்டும் கட்ட அந்தச் சூளைகள் உதவின. அங்கே குடியேறிய நம் முன்னோர் பலர் ரயில்வேயில் கைத்திறனால் பிழைத்தார்கள். அந்தத் திறன் நம்மை விட்டு எங்கும் போய்விடவில்லை.

ஆகவே பெற்றோர்களே, ஆசிரியர்களே! பள்ளி விடுமுறையில் பிள்ளைகளுக்கு ஒரு சிறு தகட்டைச் செய்யச் சொல்லிக் கொடுங்கள். அருகில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள். முதல் தகடு கெட்டுப் போகலாம், போகட்டும். இரண்டாவது தகட்டில் ஒரு விளக்கு எரியும்போது, அடுத்தவர் வரைந்த சுற்றை இணைப்பவராக மட்டும் இருக்க வேண்டியதில்லை என்பதை அந்தப் பிள்ளை தானே உணரும்.