153: வலை நிறைந்த எண்

உயிர்த்த ஆண்டவரின் சொற்படி திபேரியக் கடலில் வலை வீசிய சீடர்களுக்கு 153 பெரிய மீன்கள் கிடைத்தன (யோவா 21:11). இந்த எண்ணின் கணிதப் பண்புகளைச் சற்றே காண்போம்.

1 முதல் 17 வரையுள்ள எண்களின் கூட்டுத்தொகை 153. எனவே இது முக்கோண எண். பத்துக் கட்டளைகளையும் தூய ஆவியாரின் ஏழு கொடைகளையும் கூட்டி, இந்த 17-க்குப் பொருள் தந்தார் புனித அகுஸ்தினார் (354–430).

இலக்கங்களின் கனங்களைக் கூட்டினாலும் 1+125+27=153. 3-ஆல் வகுபடும் எந்த இயல் எண்ணிலும் இவ்வாறே தொடர்ந்து செய்தால், இறுதியில் 153 வரும். எடுத்துக்காட்டாக: 3, 27, 351, 153.

இதை நற்செய்தியில் மறைந்துள்ள இரகசியம் என்று சிலர் கருதலாம். ஆனால் அக்காலக் கிரேக்கர் எண்களை எழுத்துகளால் குறித்தனர். நூறு, ஐம்பது, மூன்று ஆகியவற்றுக்குத் தனித்தனி எழுத்துகள். 1, 5, 3 என்னும் இலக்கங்கள் அவர்களிடம் இல்லை. ஆகவே இந்தக் கன விந்தை நம் எழுத்துமுறையில் தோன்றுவது. நற்செய்தியாளர் எண்ணிப் பார்த்திருக்க முடியாதது.

அவர் சொல்ல விரும்பியது எளிமையானது: இத்தனை மீன்கள் இருந்தும் வலை கிழியவில்லை. எண்ணைக் கண்டு வியப்போம். கரையில் காத்து நின்ற ஆண்டவரை மறவாதிருப்போம்.