நோயின் அளவை அறிந்த வரலாறு

மருத்துவன் நோயாளியின் நிலையையும், நோயின் அளவையும், காலத்தையும் ஆராய்ந்தே செயற்பட வேண்டும் என்பது வள்ளுவர் கருத்து. இம்மூன்றனுள் நோயின் அளவை அறிவது எத்துணை அரிய செயல் என்பதைக் கருப்பை வாய்ப் புற்றுநோயின் வரலாறு நன்கு விளக்கும்.

1898-ஆம் ஆண்டில் இரு நிகழ்ச்சிகள் நடைபெற்றன. வியன்னா நகரில் எர்ன்ஸ்ட் வெர்தைம் என்னும் மருத்துவர், கருப்பையையும் அதனைச் சூழ்ந்த திசுக்களையும் ஒருங்கே அகற்றும் பெரிய அறுவை முறையைத் தொடங்கினார். பாரிஸ் நகரில் கியூரி தம்பதியர் ரேடியத்தைக் கண்டறிந்தனர். இவ்வாறு கத்தி, கதிர் என்னும் இரு படைக்கலங்கள் மருத்துவருக்குக் கிடைத்தன. ஆயின், எவருக்கு எது ஏற்றது? சிறிய புற்று கருப்பை வாயளவில் நின்றிருப்பின் அறுவை பயன் தரும். பக்கத் திசுக்களில் பரவியிருப்பின் கதிர் மருத்துவமே தகும். கணிப்புத் தவறினால், அறுவையின் துன்பத்தைத் தாங்கிய பெண் கதிரின் துன்பத்தையும் அதன்மேல் தாங்க நேரும்.

பல நாட்டு மருத்துவ நிலையங்களின் பயன்களை ஒப்பிட ஒரு பொது அளவுகோல் தேவைப்பட்டது. 1929-ஆம் ஆண்டில் சர்வதேச சங்கத்தின் சுகாதார அமைப்பு, நோயை நான்கு படிகளாக வகுத்தது. 1958-இல் அப்பொறுப்பை மகளிர் நோய், மகப்பேறு மருத்துவர்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பு ஏற்றது.

அந்நாளில் படியை முடிவு செய்தது பெரும்பாலும் மருத்துவரின் விரலே. சிறுநீர்க் குழாய் அடைபட்டுள்ளதா, நுரையீரலில் நோய் பரவியுள்ளதா என அறிய எக்ஸ் கதிர்ப் படம் துணை நின்றது. ஆனால் இடுப்பின் ஆழத்தில் உள்ள நிணநீர் முடிச்சுகளை விரல் எட்டுவதில்லை. பழைய எக்ஸ் கதிர்ப் படமும் அவற்றைத் தெளிவாகக் காட்டுவதில்லை.

1971-இல் லண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்டு அமைத்த சி.டி. கருவி முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளையைப் படம்பிடித்தது. 1973-இல் லாட்டர்பர் எம்.ஆர்.ஐ. முறைக்கு வழி வகுத்தார். எம்.ஆர்.ஐ. புற்றின் பருமனையும், அது பக்கத் திசுவைத் தொட்டதா என்பதையும் காட்டியது. பின்னர் வந்த பெட் படம், நோய் புகுந்த முடிச்சுகளைச் சுட்டியது.

ஆயினும் இப்படங்கள் படிநிலையை முடிவு செய்ய நெடுங்காலம் ஏற்கப்படவில்லை. ஏன்? இந்நோயால் இறப்போருள் மிகப் பெரும்பாலோர் வருவாய் குறைந்த நாடுகளிலும் இடைப்பட்ட வருவாயுள்ள நாடுகளிலும் வாழும் பெண்களே. விலைமிக்க கருவி இல்லாத ஊருக்கும் பொருந்துவதன்றோ பொது அளவுகோல்? இறுதியில் 2018-ஆம் ஆண்டுத் திருத்தம் இரு தேவைகளையும் இணைத்தது. படம் எடுக்க இயலும் இடத்தில் அதன் முடிவை ஏற்கலாம். இயலாத இடத்தில் மருத்துவர் சோதனையே போதும். முடிச்சுகளில் நோய் காணப்பட்டால் அது மூன்றாம் படியில் சேரும் என்பதும் அப்போது விதியாயிற்று.

எனினும் படம் காட்டும் நிழலெல்லாம் புற்றன்று. அழற்சியால் வீங்கிய முடிச்சும் புற்றுப்போல் தோன்றும். மிகச் சிறிய புற்றோ படத்தில் மறைந்துவிடும். ஆதலின் விரலின் அறிவும், படத்தின் சான்றும், நுண்ணோக்கியின் தீர்ப்பும் கூடி ஆராயப்பெற வேண்டும். கத்தியை எடுக்கும் முன் செலவிடும் அச்சிறு பொழுது, ஒரு தாயை வீண் துன்பத்தினின்று காக்கக்கூடும்.