பன்மை குறிக்கும் தமிழ் அடைசொற்கள்

எண்ணிக்கையின் பெருக்கத்தையோ வகைகளின் விரிவையோ காட்டப் பெயருக்கு முன் வந்து நிற்கும் சொற்கள் பன்மை அடைகள். பல, பற்பல, பல்வேறு, நிறைய, ஏராளமான, அநேக, ஏகப்பட்ட, விதவிதமான முதலியன இன்றைய வழக்கில் உள்ளவை. இவற்றில் கணிசமானவை எண்ணும் தொழிலில் பிறந்தவை அல்ல. நிரம்புதல், செறிதல், மிகுதல் ஆகிய வினைகளிலிருந்தே தமிழ் தன் பெருந்தொகைச் சொற்களை எடுத்துக்கொண்டது.

இதை விளக்க ஆனி, ஆடி மாதக் குற்றாலத்தைவிட நல்ல இடம் இல்லை. தென்மேற்குப் பருவமழை பிடித்துச் சாரல் விழத் தொடங்கியதும் தென்காசிப் பேருந்து நிலையத்தில் இரண்டு செய்திகள் காதில் விழும்: தண்ணி நிறைய விழுது, கூட்டமும் நிறைய. எண்ண முடியாத தண்ணீருக்கும் எண்ணக்கூடிய ஆட்களுக்கும் ஒரே சொல். ஆங்கிலத்தில் முதலாவதற்கு ‘மச்’, இரண்டாவதற்கு ‘மெனி’ எனத் தனித்தனிச் சொற்கள் உண்டு. தமிழில் ‘பல’ எண்ணக்கூடியவற்றோடு மட்டுமே நிற்கிறது. பல தண்ணீர் என்று யாரும் சொல்வதில்லை. நிறைய, மிக, ‘நிரம்ப’ என்பதிலிருந்து திரிந்த ‘ரொம்ப’ ஆகியவை இரண்டு பக்கமும் போய்வரும். கோபுரத்தின் உயரத்துக்கும் கடைகளின் தொகைக்கும் ‘ரொம்ப’ ஒன்றே போதும்.

இலக்கண வரலாறு தொல்காப்பியத்தின் உரியியலில் தொடங்குகிறது. உறு, தவ, நனி மூன்றும் மிகுதிப் பொருள் தருவன என்கிறது அந்நூல். கடி என்ற ஒரே சொல்லுக்கு அது சொல்லும் பொருள்களில் கூர்மை, காப்பு, அச்சம் ஆகியவற்றோடு மிகுதியும் ஒன்று. விறப்பு, உறப்பு, வெறுப்பு என்ற மூன்றுக்கும் செறிவு என்று பொருள் சொல்கிறது. வெறுப்பு என்றால் நெருக்கமாகத் திரண்டிருத்தல் என்ற பொருள் இன்று முற்றிலும் மறைந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பேரருவியின் அடியில் இடம்பிடிக்க முயன்றவர்களுக்கு இரண்டு பொருளும் பொருத்தமாகத் தோன்றலாம்.

பிற்காலத்தில் பவணந்தியாரின் நன்னூல் சால, உறு, தவ, நனி, கூர், கழி என ஆறு சொற்களை மிகுதிக்கு வகுத்தது. இந்நூலுக்கு விருத்தியுரை எழுதிய சங்கர நமச்சிவாயர் நெல்லைச் சீமைக்காரர். இன்றைய தென்காசி மாவட்டத்தில் உள்ள ஊற்றுமலையின் தலைவர் மருதப்பத் தேவர் கேட்டுக்கொண்டதால் அவ்வுரையை எழுதினார். பின்னர் விக்கிரமசிங்கபுரத்துச் சிவஞான முனிவர் அதைத் திருத்திச் செப்பமாக்கினார். அந்த ஆறு சொற்களும் பேச்சில் தனித்து வழங்குவதில்லை. சால மேடைப் பேச்சில் ‘சாலச் சிறந்தது’ என்ற தொடரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தெலுங்கில் ‘சாலா’ அன்றாடச் சொல்லாக இருக்கிறது. கூர், ‘களிகூருதல்’ என்ற வடிவில் தமிழ் விவிலியத்தின் வழியாகத் தேவாலயங்களில் வாரந்தோறும் ஒலிக்கிறது.

இவற்றையெல்லாம் தாண்டி நிலைத்தது ‘பல’. இச்சொல் தன்னோடு தானே சேரும்போது பலபல, பலப்பல, பற்பல எனப் பல வடிவம் கொள்ளும் என்பதற்கு நன்னூலில் தனிச் சூத்திரமே உண்டு. பன்மைச் சொல்லைப் புணர்ச்சியும் பன்மையாக்கியிருக்கிறது. உயிரெழுத்து முதலாகிய சொல்லோடு சேர்ந்தால் பல்லாயிரம். மகரத்தோடு சேர்ந்தால் பன்முகம். அரசர் பெயரிலும் அது ஏறியது. பதிற்றுப்பத்தின் மூன்றாம் பத்துக்குத் தலைவன் பல்யானைச் செல்கெழு குட்டுவன். புறநானூற்றில் பாடப்பட்ட பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை 8ஆம் நூற்றாண்டு வேள்விக்குடிச் செப்பேடு நினைவுகூர்கிறது. எத்தனை யானை, எத்தனை வேள்விச்சாலை என்ற கணக்கைக் கொடுத்திருந்தால் பெருமை அந்த எண்ணோடு நின்றிருக்கும். பெயர் வைத்தவர்கள் விவரம் தெரிந்தவர்கள்.

எண்ணைச் சொல்லியே ஆகவேண்டிய இடத்தில் தமிழ் பூக்களையும் நீரையும் நாடியது. ஐ, அம், பல் என்ற ஈறுகளில் முடியும் பேரெண்கள் உண்டு என்கிறது தொல்காப்பியம்; தாமரை, வெள்ளம், ஆம்பல் என எடுத்துக்காட்டினர் உரையாசிரியர்கள். பரிபாடல் நெய்தல், குவளை, சங்கம் ஆகியவற்றையும் எண்களாக்குகிறது. கம்பனில் வானரப் படையின் அளவு எழுபது வெள்ளம். கம்பனில் ஊறித் திளைத்த ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் தம் கடைசி ஆண்டுகளைக் குற்றாலத்தில் கழித்தார் (மறைவு: 1954). அங்கிருந்து பார்த்தால் வெள்ளம் எப்படி எண்ணானது என்பதற்கு உரை தேவைப்பட்டிருக்காது. பேரருவி மேலிருந்து விழுந்து பொங்கும் பள்ளத்துக்குப் பொங்குமாங்கடல் என்று பெயர். குற்றாலநாதர் கோயில் சங்கு வடிவில் அமைந்ததால் சங்கக்கோயில் எனப்படுகிறது. பரிபாடலில் எண்ணாக நின்ற அதே சங்கம். எண்ணக்கூடியதை ஊரார் எண்ணியே பெயரிட்டனர்: மூன்று சிகரம் திரிகூடம், ஐந்து கிளையாக விழுவது ஐந்தருவி.

மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் இயற்றிய திருக்குற்றாலக் குறவஞ்சி, மதுரை நாயக்கர் முத்துவிசயரங்க சொக்கநாதர் (1706–1732) காலத்தது. அதற்குப் பரிசாகக் கிடைத்த நிலம் குறவஞ்சிமேடு. பன்மையைக் காட்ட அடைசொல்லை நம்பாத நூல் அது. குறத்தி கொல்லிமலை, பழனிமலை என ஒவ்வொன்றாக உறவுமுறை சொல்லி மலைகளை அடுக்குகிறாள். சிங்கன் வலைவிரிக்கும் இடத்தில் பறவைகள் இனம் இனமாக வந்து இறங்குகின்றன. பல பறவைகள் என்ற இரண்டு சொல்லில் முடிவதைக் கவிராயர் வரிசையாக நடக்கவிட்டார். வகையைச் சொல்ல வகைகளையே சொல்வதுதான் சிறந்த வழி என்பது இக்கட்டுரையாளரின் கருத்தும்.

வகைக்கான சொற்களில் பழையது பல்வேறு. எண்ணும் வேற்றுமையும் ஒரே சொல்லில் கூடிய அது பத்துப்பாட்டிலேயே உண்டு. வடமொழியிலிருந்து நானாவித, விதவிதமான என்பன வந்தன. அரபுச் சொல் ‘ஜின்ஸ்’ தினுசாகி, துணிக்கடையில் தினுசு தினுசாக இரட்டித்தது. மிக வினோதமானவை அநேகமும் ஏகமும். வடமொழியில் ஏகம் ஒன்று. அநேகம் ஒன்றல்லாதது, ஆகவே பல. தமிழில் ஏகம் முழுமை என்ற பொருளுக்கு நகர்ந்து ஏகப்பட்ட ஆனது. இப்போது அநேகம் பேர் என்றாலும் ஏகப்பட்ட பேர் என்றாலும் கூட்டம் ஒன்றுதான். பலகாரத்தைப் ‘பல’ என்ற சொல்லோடு சேர்ப்பது பிழை. பழ உணவைக் குறித்த ‘பலாஹார’ என்ற வடசொல்லின் திரிபு அது. எண்ணெயில் பொரித்த முறுக்கு அப்பெயரை எப்படிப் பிடித்ததோ!

அசலான ‘பல’வைக் கடைத்தெருவில் பார்க்கலாம். வட மாவட்டங்களில் மளிகைக் கடை என்பதைத் தென்காசிப் பக்கம் பலசரக்குக் கடை என்பார்கள். மலையாளத்திலும் இதே பெயர்தான். செங்கோட்டை 1956 நவம்பர் 1இல் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு இணைந்தது. எல்லை மாறியது, மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கடைப் பலகையில் இன்றும் பலசரக்கு என்றே இருக்கிறது.