‘தேவை’ உறுதிமொழியும் உறுப்பினர் அமைப்புகளும்: அமெரிக்கப் பெருந்தொற்றுக் கடன் பற்றி ஒரு மறுவாசிப்பு

2020இல் அமெரிக்க அரசு கொண்டுவந்த சம்பளப் பாதுகாப்புத் திட்டக் கடனை, சந்தாவில் இயங்கும் அறிவியல் கழகங்களும் தொழில்சார் சங்கங்களும் வாங்கலாமா என்ற விவாதம் ஒரே தடத்திலேயே சுற்றிவந்திருக்கிறது. அரசுப் பணத்தைத் தொட்டால் சுயாதீனம் போய்விடும் என்பர் ஒரு சாரார். சட்டமே தகுதி தந்திருக்கையில் தயங்க என்ன இருக்கிறது என்பர் மற்றவர். அமைப்புக்கும் அரசுக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கலாகவே இரு தரப்பும் இதைப் பார்க்கின்றன. கடன் விண்ணப்பத்தில் இருந்த ஓர் உறுதிமொழியை நிதானமாகப் படித்தால், அதில் உறுப்பினர்களைப் பற்றியும் ஒரு கூற்று பொதிந்திருப்பது தெரியும் என்பதே என் வாதம்.

2020 மார்ச் 27 அன்று கையெழுத்தாகி இத்திட்டத்தை உருவாக்கிய கேர்ஸ் சட்டம், அரசு உத்தரவாதமுள்ள சிறுதொழில் கடன்களுக்கு வழக்கமாக இருந்த ‘வேறெங்கும் கடன் கிடைக்காது’ என்ற நிபந்தனையைத் தளர்த்தியது. நிலவும் பொருளாதார நிச்சயமின்மையால் நடப்புப் பணிகளைத் தொடர இக்கடன் தேவை என்று விண்ணப்பதாரர் உறுதியளிக்க வேண்டும் என்பது மட்டும் நின்றது. நிபந்தனை போய்விட்டதால் கையிருப்பைப் பற்றிய பேச்சுக்கே இடமில்லை என்று முந்தைய ஆய்வுகள் முடிவுகட்டின. ஆனால் ஏப்ரல் 23 அன்று சிறுதொழில் நிர்வாகத் துறையும் கருவூலத் துறையும் வெளியிட்ட 31ஆவது கேள்வி-பதில், பணிகளுக்குப் பெரிய பாதகமில்லாமல் வேறு வழியில் பணம் திரட்ட முடியுமா என்பதையும் எண்ணிப் பார்த்தே உறுதியளிக்க வேண்டும் என்கிறது. ஷேக் ஷாக் உணவக நிறுவனம் 1 கோடி டாலரைத் திருப்பித் தருவதாக அறிவித்த வாரம் அது; எனவே பங்குச் சந்தையில் உள்ள நிறுவனங்களுக்கே இந்தப் பதில் என்று சொல்லப்படுகிறது. வாசகம் அதற்கு இடம்தரவில்லை. கடன் வாங்குவோர் அனைவரும் தம் தேவையை மதிப்பிட வேண்டும் என்பது அங்கே பொது விதி. பங்குச் சந்தை நிறுவனம் அதற்குக் காட்டப்படும் உதாரணம்தான்.

நிறுவனத்துக்கு அந்த ‘வேறு வழி’ முதலீட்டுச் சந்தை என்றால், சங்கத்துக்கு எது? அதன் சேமிப்பு, அடுத்து அதன் உறுப்பினர்கள். சிறப்புச் சந்தா விதிக்கலாம், அடுத்த ஆண்டுச் சந்தாவை முன்கூட்டியே கேட்கலாம், நன்கொடை கோரலாம். நெருக்கடி பொய்யென்று நான் சொல்லவில்லை. அமெரிக்க இயற்பியல் கழகம் டென்வரில் நடத்தவிருந்த மார்ச் மாநாடு தொடங்க ஒன்றரை நாள் இருக்கையில் ரத்தானது. தமிழாய்வாளர்களும் கூடும் ஆசிய ஆய்வுச் சங்கத்தின் பாஸ்டன் ஆண்டு மாநாடும் அந்த மாதமே கைவிடப்பட்டது. மாநாட்டுக் கட்டணத்தை நம்பிச் சம்பளம் போடும் அமைப்புக்கு அது பேரிடி. ஆனாலும் வருமானம் நின்றது என்பது ஒன்று, வேறு வழியில்லை என்பது வேறு. 2016இல் வந்த கணக்கியல் விதி, ஓராண்டுச் செலவுக்கு எடுக்கக்கூடிய பணம் எவ்வளவு என்பதை இலாப நோக்கற்ற அமைப்புகள் நிதியறிக்கையில் காட்டச் சொல்கிறது. நன்கொடையாளர் நிபந்தனையோடு தந்த நிதி ஒரு பக்கம். நிர்வாகக் குழு தானே ஒதுக்கிவைத்த நிதி மறுபக்கம். முன்னதில் கைவைக்க முடியாது. பின்னதை இன்னொரு தீர்மானம் போட்டால் எடுத்துவிடலாம். அப்படி ஒரு நிதி ஏட்டில் இருக்க, ‘தேவை’ என்று கையெழுத்திடும் குழு, இதைத் தொட உறுப்பினர்கள் இசையமாட்டார்கள், மேற்கொண்டு தரவும் அவர்களால் இயலாது என்று அவர்கள் சார்பில் சாட்சி சொல்கிறது. அது உண்மையாகவே இருக்கலாம். அவர்களைக் கேட்டார்களா என்பதே கேள்வி.

கேட்க நேரமில்லை என்பது முதல் மறுப்பு. ஏப்ரல் 3 அன்று தொடங்கிய 34,900 கோடி டாலர் ஏப்ரல் 16க்குள் தீர்ந்துவிட்டது, முந்தியவருக்கே கிடைத்தது. நியாயமான மறுப்புதான். ஆனால் வாங்கிய கடனைக் கேள்வியின்றித் திருப்பித் தர மே 18 வரை அவகாசம் இருந்தது. வாங்கிய பிறகு ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டிருக்கலாம். இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது: 20 லட்சம் டாலருக்குக் குறைவான கடன்களில் உறுதிமொழி நல்லெண்ணத்தோடு தரப்பட்டதாகவே கொள்ளப்படும் என்று மே 13இன் 46ஆவது பதில் சொல்லிவிட்டதே? சொன்னது. அதற்குக் கூறிய காரணத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும்: சிறு தொகை வாங்கியவர்களுக்கு வேறு வழி இருப்பது அரிது, தணிக்கை ஆட்களைப் பெரிய கடன்களில் ஈடுபடுத்துவதே பயன் தரும். இது தணிக்கைச் சிக்கனம். எந்தச் சங்கத்தின் கையிருப்பையும் பார்த்துச் சொன்ன தீர்ப்பாகாது. சுயாதீனம் பற்றிய பழைய கவலையை நீட்டிப் பேச வேண்டியதில்லை. ஆண்டுதோறும் அரசின் முகம் பார்க்கவைக்கும் மானியத்துக்கு அது பொருந்தும், ஒருமுறை தந்து, பெரும்பகுதி சம்பளத்துக்குச் செலவானால் தள்ளுபடியாகிவிடும் கடனுக்கு அவ்வளவாகப் பொருந்தாது.

2020 டிசம்பர் சட்டம், வரிச் சட்டத்தின் 501(சி)(6) பிரிவில் வரும் வணிகச் சங்கங்களையும் இத்திட்டத்துக்குள் அழைத்தபோது, 300 பணியாளர் வரம்போடு, அரசியல் பரிந்துரைப் பணி வருவாயிலும் செயல்பாட்டிலும் 15 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்றும் விதித்தது. அரசைப் பார்த்து அமைப்பு என்ன பேசுகிறது என்பதே நாடாளுமன்றத்தின் கவலை. உறுப்பினரிடம் என்ன பேசியது என்பது அந்த வரம்புகளில் இடம்பெறவில்லை. பெரிய கடன்காரர்களின் தேவையைத் துருவிய வினாப்படிவமும் 2021 ஜூலையில் கைவிடப்பட்டது. சேமிப்பே இல்லாத, உறுப்பினர்களும் வேலையிழந்து நின்ற சங்கத்துக்கு என் வாதம் எந்தத் தடையும் போடவில்லை. அதன் உறுதிமொழி வெளிப்படையாகவே மெய். ஒதுக்கு நிதி வைத்திருந்த சங்கங்களில்தான் சிக்கல், அங்கே ஆராய வேண்டிய ஆவணம் கடன் விண்ணப்பமல்ல. 2020 ஏப்ரல், மே மாதங்களின் நிர்வாகக் குழுக் கூட்டக் குறிப்பேடுகள்தான்.